பிழைத்த மாட்டின் குருதி: றொபேர்ட் கோக்கும் வெக்கை நோயும்

பட்டியை அவிழ்த்துவிட்டு இடம்பெயர்ந்த ஊர்காவற்றுறைக் குடும்பங்களுக்கு, மாடு இல்லாத வளவு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1890களில் ஆபிரிக்காவின் பெரும்பகுதி அப்படித்தான் கிடந்தது. ரிண்டர்பெஸ்ட் எனப்படும் மாட்டு வெக்கை நோய், 1887 அளவில் இத்தாலியப் படைகளுக்காக எரித்திரியாவில் இறக்கப்பட்ட மாடுகளோடு அங்கு நுழைந்தது என்பர். எதியோப்பியாவில் உழ எருதில்லாமல் பெரும் பஞ்சம் வந்தது. பத்து ஆண்டுகளுக்குள் நோய் தென்னாபிரிக்காவை எட்டியது.

கேப் அரசாங்கம் ஜேர்மனியரான றொபேர்ட் கோக்கை அழைத்தது. 1843இல் கிளவுஸ்தால் என்ற சுரங்க நகரில் பிறந்தவர். கிராமப்புற வைத்தியராக இருந்துகொண்டே 1876இல் அந்திராக்ஸ் கிருமியின் வாழ்க்கை வட்டத்தை விளக்கினார். 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். காசநோய்க்கு மருந்தென 1890இல் அவர் அறிவித்த ரியூபர்கியூலின் பலிக்காமல் போனதில் பெயரும் கெட்டிருந்தது.

1896 டிசெம்பரில் கிம்பர்லியில் வேலை தொடங்கினார். கிருமி அகப்படவில்லை. அது வைரசு, அவரது நுணுக்குக்காட்டிக்குத் தெரியாதது. கிருமியைக் காணாமலே காப்பைத் தேடினார் என்பதுதான் இந்த வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப்படுகிறது. நோயுற்ற மாட்டின் பித்தநீரைத் தோலின் கீழ் ஏற்றினால் மற்ற மாடுகள் தப்பும் என்று 1897 பெப்ரவரியில் அறிவித்தார். அது முழுத் தீர்வல்ல, ஏற்றிய மாடுகளிலும் சில செத்தன. பிழைத்த மாட்டின் சீரத்திலும் காக்கும் ஆற்றல் இருப்பதை அவர் கண்டிருந்தார். பிளேக் ஆய்வுக்காக அவர் பம்பாய் போனபின், உதவியாளர் கொல்லேயும் டேர்னரும் அந்தச் சீரத்தைக்கொண்டு மேலான முறையொன்றை உருவாக்கினர். கோக் 1905இல் நோபல் பரிசு பெற்று, 1910 மே 27இல் காலமானார்.

சீரத்திலிருந்த அந்த ஆற்றலைத்தான் இன்று பிறபொருளெதிரி என்கிறோம். வெக்கை நோய்க்கான எலைசா பரிசோதனையில், சிறு குழிகளில் மாட்டின் சீரத்தை விட்டு நிறம் பார்ப்பார்கள். நிறம் மங்கினால் பிறபொருளெதிரி உண்டு.

இலங்கையில் நாற்பது ஆண்டுகளாக இல்லாதிருந்த நோய் 1987இல் திரும்பியது. இந்திய அமைதிப்படையின் உணவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்ததாகவே ஆய்வாளர்கள் கருதினர். சரியாக நூறு ஆண்டு கழித்து, மறுபடியும் ஒரு படையோடு! 1994இல் இங்கு கடைசியாகக் காணப்பட்டது. ஒழிந்ததென்று நிறுவுவது அவ்வளவு எளிதல்ல. தடுப்பூசியும் அதே பிறபொருளெதிரியை உண்டாக்கும். ஆகவே தடுப்பூசியை நிறுத்தி, அதன்பின் பிறந்த கன்றுகளின் குருதியைச் சோதிக்க வேண்டும். நாடு நாடாக அப்படிச் சோதித்த பிறகே, 2011இல் உலகம் வெக்கை நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.