வாக்கு எனும் அமானிதம்

தேனியிலிருந்து கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலையை நோக்கிச் செல்வோர் கண்களில் படுவன, முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளுமாகும். கடற்காற்று அங்கே வீசுவதில்லை. எனினும் அப்பள்ளத்தாக்கு மக்கள் டில்லிக்கு அனுப்பிய உறுப்பினர் ஒருவர், கடலோர மீனவர்களுக்காக வாதாடினார் என்பதை நீங்கள் அறிவீர்களா? அவரே முஸ்லிம் லீக்கின் மர்ஹூம் எஸ்.எம். முஹம்மது ஷெரீப் சாஹிப் அவர்கள்.

1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் இராமநாதபுரம் தொகுதி அவரை மக்களவைக்குத் தேர்ந்தெடுத்தது. கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்கள் கேரளத்து மஞ்சேரியின் உறுப்பினராக வீற்றிருந்த அதே அவையில், ஷெரீப் சாஹிப் தமிழ் மண்ணின் உறுப்பினராக அமர்ந்தார். 1970 டிசம்பரில் அவ்வவை கலைக்கப்பட்டது. 1971-இல் அவரைத் தேர்ந்தெடுத்தது பெரியகுளம் தொகுதி. அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கம்பம் பள்ளத்தாக்கு அத்தொகுதிக்குள் அடங்கியிருந்தது. 1972 ஏப்ரல் 5-இல் காயிதே மில்லத் மறைந்தார். பொறுப்பின் சுமை கூடிற்று.

1974 ஜூன் மாத இறுதியில், கச்சத்தீவு இலங்கைக்கு உரியதென ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவு, இராமநாதபுரம் ஜமீனுக்கு உரியதாகக் கருதப்பட்டு வந்தது. மீனவர்கள் வலை உலர்த்தி இளைப்பாறிய இடம். ஜூலை 23-இல் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தபோது, அப்போதைய இராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவர் எதிர்த்தெழுந்தார். ஷெரீப் சாஹிபும் வன்மையாகக் கண்டித்தார்.

சிந்தித்துப் பாருங்கள்! இராமநாதபுரம் அப்போது அவருடைய தொகுதி அன்று. அங்கே அவர் பெறவேண்டிய வாக்கு ஒன்றுமில்லை. வாய்மூடி இருந்திருந்தால் பெரியகுளத்தார் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆயினும், ஒருமுறை நம்பி வாக்களித்த மக்களின் உரிமை, தொகுதி மாறியதும் தீர்ந்துவிடும் கடனன்று என்பதை அவருடைய செயல் உணர்த்திற்று.

ஒப்பந்தம் மாறவில்லை. 1977 வரை உறுப்பினராயிருந்து அவர் விடைபெற்றார். 2009 தேர்தல் முதல் பெரியகுளம் தொகுதியின் பெயரும் மறைந்து, தேனித் தொகுதி வந்துவிட்டது. ஆனால் வாக்கு ஓர் அமானிதம் என்னும் பாடம் மறையவில்லை. பதவி ஏற்போரும், அதை அளிக்கும் நாமும் அதனை மறவாதிருப்போமாக!