ருக்மிணி தேவியின் மற்றொரு மேடை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓரிரவு, நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடையொன்றில் நண்பர்களுடன் நின்றிருந்தேன். மாடுகளை ஏற்றிவந்த லாரி ஒன்று அங்கே வந்து நின்றது. திரும்பவும் இடமின்றி நெருக்கி அடைக்கப்பட்டிருந்த மாடுகளுள் ஒன்று கால் மடங்கி விழுந்து கிடந்தது. மற்றவை அதன்மீது மிதித்தபடி நின்றன. அதை எழுப்புவதற்காக, உடன் வந்தவர் அதன் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தேய்த்தார். மாடு துடித்தெழுந்தது, லாரி புறப்பட்டுப் போயிற்று. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உறுத்தல் தாளாமல் மறுநாள் வழக்குரைஞர் நண்பரிடம் கேட்டேன். இதைக் குற்றமாக்கும் சட்டம் இருக்கிறது என்றார். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, முதல்முறைக் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம் என்றும் சொன்னார். முந்தைய இரவு நாங்கள் தேநீருக்குக் கொடுத்த தொகை அதைவிட அதிகம்.

இந்தச் சட்டம் யாரால் வந்தது என்று தேடிப் படித்தபோது, ஒரு நடனக் கலைஞரின் வாழ்வில் போய் நின்றேன். ருக்மிணி தேவி அருண்டேலை நாம் கலாக்ஷேத்திராவின் நிறுவனராக, பரதநாட்டியத்துக்குப் பொதுவெளியில் புதிய மதிப்பைத் தேடித்தந்தவராக அறிவோம். அவர் ஏறிய மற்றொரு மேடையை ஏறக்குறைய மறந்துவிட்டோம்.

1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தவர் ருக்மிணி தேவி. தந்தை நீலகண்ட சாஸ்திரி பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். குடும்பம் சென்னை அடையாறில் குடியேற, அன்னி பெசன்ட்டின் சூழலில் மகள் வளர்ந்தார். 1920-இல், பதினாறு வயதில், ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது சென்னையின் ஆசாரக் குடும்பங்கள் கொதித்தெழுந்தன. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சாமல் வாழ அவர் அப்போதே கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

ருஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பு அவரை நடனத்தின் பக்கம் திருப்பியது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935-இல் அடையாறில் மேடையேறினார். குலமகளிர் ஆடலாகாது என்று கருதப்பட்ட காலம் அது. மறு ஆண்டே கலாக்ஷேத்திரா பிறந்தது.

1952-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக அவர் தில்லி சென்றார். கலைஞர் ஒருவர் கலைக்காகப் பேசுவார் என்றே எல்லோரும் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவரோ 1953-இல், பிராணிகள் வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போது நாட்டில் இருந்தது 1890-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலத்துச் சட்டம். உயிர்களிடத்து அன்பு வேண்டும் என்று காலங்காலமாகப் போதித்துவந்த தேசத்தில், வண்டி மாட்டின் முதுகுப் புண்ணுக்கு அந்தப் போதனை மருந்தாகவில்லை என்பதை அவர் கண்டிருந்தார். அன்பு தனிமனிதரின் நற்குணமாக மட்டும் இருந்தால் அது குணமுள்ளவர் வீட்டு வாசலோடு நின்றுவிடும். வாயற்ற உயிருக்கு அது உரிமையாக வேண்டுமானால் சட்டம் வேண்டும். அவருடைய முயற்சியின் சாரமாக நான் புரிந்துகொள்வது இதைத்தான்.

அடுத்த ஆண்டு மசோதா விவாதத்துக்கு வந்தபோது, பிரதமர் நேரு அதன் நோக்கத்தை ஏற்றார். ஆயினும் இதை விரிவாக ஆராய்ந்து அரசே சட்டம் கொண்டுவரும் என்று உறுதியளித்தார். ருக்மிணி தேவி தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அரசியலில் வாக்குறுதியை நம்பிக் கையிலிருப்பதை விட்டுக்கொடுப்பது எளிதன்று. குழு அமைந்தது, ஆண்டுகள் ஓடின. 1960-இல் சட்டம் வந்தது.

அடித்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், வலியுண்டாகும்படி அடைத்துக் கொண்டுசெல்லுதல், உணவும் நீரும் தராமல் வைத்தல் ஆகியவற்றை அச்சட்டம் குற்றமாக்கியது. வித்தை காட்டப் பயன்படும் விலங்குகளைப் பதிவு செய்யச் சொன்னது. ஆய்வுக்கூடச் சோதனைகளைத் தடுக்கவில்லை; கண்காணிக்கக் குழு அமைக்க வழிசெய்தது. சமயம் விதித்த முறையில் உயிரைக் கொல்வதைக் குற்றத்திலிருந்து விலக்கியது. அதன் கீழ் 1962-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானபோது, முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் அவரே. 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுமாறு மொரார்ஜி தேசாய் கேட்டபோது அதை மறுத்த அவர், வாரியப் பணியைச் சிறிதென்று கருதவில்லை. 1986 பிப்ரவரி 24 அன்று மறைந்தார்.

அவர் வாழ்வில் முரணே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர் வளர்த்த ஆடற்கலை மிருதங்கமின்றி நடவாது. மிருதங்கமோ தோலின்றி ஒலிக்காது. கலாக்ஷேத்திராவின் தறிகளில் உருவான பட்டுச் சேலைகள் பெயர்பெற்றவை; பட்டு, புழுவின் உயிரை விலையாகக் கேட்பது. இதைச் சுட்டிக்காட்டி அவரை மடக்கிவிடலாம். ஆனால், முரணற்றவர்கள் மட்டுமே இரக்கத்தைப் பேசலாம் என்றால் உலகில் எவரும் வாய் திறக்க முடியாது.

அந்தச் சட்டம் தடுக்க முனைந்தது தேவையற்ற வலியையும் துன்பத்தையும்தான். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. எது தேவை, எது தேவையற்றது என்று தீர்மானிப்பவர் மனிதர். வலியைத் தாங்குவது விலங்கு. லாரியில் இரண்டு மாடுகளைக் கூடுதலாக ஏற்றினால் வாடகை மிச்சம் என்பதும் ஒருவருக்குத் தேவையாகத் தோன்றும். அந்தத் தேவையைக் கட்டுப்படுத்தும் சுமையைச் சட்டம் தண்டனையிடம் ஒப்படைத்தது. 1960-இல் 50 ரூபாய் ஒரு தொகை; இன்று அது சில்லறை. வண்டி புறப்படுமுன்பே அதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

இத்தண்டனை குற்றத்துக்கு ஈடானதன்று என்பதை 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில் உச்சநீதிமன்றமும் சுட்டிக்காட்டி, உரிய திருத்தத்தை நாடாளுமன்றத்திடம் எதிர்பார்த்தது. ஜல்லிக்கட்டைப் பொறுத்தவரை 2017-இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023-இல் அத்திருத்தத்தை உச்சநீதிமன்றமே ஏற்றது. அந்த விளையாட்டைக் குறித்து நம்மிடையே இரு கருத்துகள் இருக்கலாம். கண்ணில் தேய்க்கும் மிளகாய்ப் பொடியைக் குறித்து இரு கருத்துகள் இருக்க முடியுமா? ஆயினும், தண்டனையைக் கடுமையாக்க மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட வரைவுத் திருத்தம், ஆண்டுகள் கடந்தும் சட்டமாகவில்லை. ஒரு விளையாட்டுக்காக விரைந்து திருத்த முடிந்த சட்டத்தை, ஒரு வலிக்காகத் திருத்த நமக்கு நேரம் வாய்க்கவில்லை.

ருக்மிணி தேவி ஒரு வாக்குறுதியை நம்பித் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். வாக்குறுதியில் பாதி 1960-இல் நிறைவேறியது. மீதிப் பாதி அவர் காலத்திலும் நிறைவேறவில்லை, நம் காலத்திலும் நிறைவேறவில்லை. அவர் பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் சலங்கை ஒலி கேட்கிறது, அது கேட்கவேண்டியதுதான். அந்த இரவில் ஒன்றும் செய்யாமல் நின்றவன் என்ற முறையில், அவரை வேறு விதமாகவும் நினைவுகூர வேண்டிய கடன் எனக்கு இருப்பதாக உணர்கிறேன். நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் அந்த 50 ரூபாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது அதற்குத் தொடக்கமாகலாம்.