ஜி. டி. நாயுடு அவர்களின் ஜீவிய சரித்திரம்

சிதம்பரத்தினின்றும் கடலூருக்கு நாள்தோறும் பஸ் ஏறி வரும் நம் மாணவ நேயர்கள், மின்விசையால் ஓடும் வண்டிகள் ஓசையின்றிக் கடந்து செல்வதைக் கண்டிருப்பர். அவ்வண்டியின் உயிர்நிலை அதனுள் சுழலும் மோட்டாரே. அதனை நம் நாட்டவரே செய்யலாகும் என்று காட்டியவருள் முன்னணியில் நின்றவர் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு ஆவர்.

இவர் 1893-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்திற் பிறந்தார். பள்ளிப்படிப்பு இவருக்கு ஒட்டவில்லை. இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு, அஃது எங்ஙனம் தானே ஓடுகின்றது என்னும் வியப்பு இவரை விடாது பற்றிற்று. ஓட்டலில் வேலைசெய்து பணம் சேர்த்து அத்தகைய வண்டியொன்றை வாங்கினார். அதனை அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டினார். இவர் பயின்ற கலாசாலை இதுவே என்னலாம்.

1920-இல் ஸ்டேன்ஸ் துரையின் உதவியால் பஸ் ஒன்று பெற்று, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அம்முயற்சி யு. எம். எஸ். என்னும் கம்பெனியாய் வளர்ந்து, 200-க்கு மேற்பட்ட பஸ்களை உடையதாயிற்று. 1930-களில், உலர் மின்கலத்தால் இயங்கும் க்ஷவரக் கருவியொன்றை இயற்றினார். கையடக்கமான அதனுள் இருந்தவை மின்கலமும் சிறு மோட்டாருமே. இன்றைய மின்வண்டிக்கும் அவ்விரண்டே ஆதாரம் என்பதை நேயர்கள் நோக்குக. 1937-இல் பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் கூடி, இந்தியாவிற் செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரை வெளிக்கொணர்ந்தார்.

மோட்டாருக்குக் கிடைத்த வாழ்வு காருக்குக் கிடைத்திலது. 1952-இல் இருவர் அமரத்தக்க பெட்ரோல் கார் ஒன்றை அமைத்தார். விலை 2,000 ரூபாயே. ஆனால் அரசாங்க லைசென்ஸ் இன்றி அத்தொழிலைத் தொடங்க இயலாத காலம் அது. லைசென்ஸ் மறுக்கப்பட்டது, கார் நின்றது. அந்நியச் செலாவணி அரிதாயிருந்த அந்நாளில் சர்க்கார் சில கம்பெனிகளுக்கே இடங்கொடுத்ததற்குக் காரணம் கூறுவாரும் உளர். எனினும் எளியோர்க்கு எட்டும் விலையில் எழுந்த கார் ஒன்று பட்டறையோடு முடிந்ததை எண்ணுங்கால் மனம் நோகவே செய்கின்றது. மின்விசையால் ஓடும் ரேவா என்னும் சிறு கார் பெங்களூரில் விற்பனைக்கு வந்தது 2001-இலேதான்.

நாயுடு அவர்கள் 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் காலமானார். கோவையிற் பெருகிய மோட்டார், பம்புத் தொழில்கள் நாடெங்கும் கிணற்று நீரை இறைத்து வருகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இன்று மின் ஸ்கூட்டர்கள் ஆயிரக்கணக்கில் உருவாகின்றன.