கோர்ட்டுப் படி ஏறிய கிறிஸ்துமஸ் தாத்தா

தகப்பனார் விரட்டினார், உலகத்துக் குழந்தைகள் தாத்தா என்று கொண்டாடினார்கள்!

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் போதும். அமெரிக்காவில் பல வீடுகளில் ஒரு பழைய சினிமாப் படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். பாட்டி சின்ன வயதில் பார்த்த படம். அம்மாவும் பார்த்த படம். இப்போது பேரக் குழந்தைகளும் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

படத்தின் பெயர் '34-வது தெரு அற்புதம்'. வெளிவந்த ஆண்டு 1947.

வெள்ளைத் தாடியும் குறும்புச் சிரிப்புமாக அதில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வருகிறாரே, அவர்தான் எட்மண்ட் குவென். அந்த வேடம் கிடைத்தபோது அவருக்கு வயது 69! அதுவரை அவர் நடந்து வந்த பாதை நீளமானது.

வீட்டை இழந்தார்

குவென் 1877-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி லண்டனில் பிறந்தார். இயற்பெயர் எட்மண்ட் கெல்லவே. தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர்.

மூத்த மகனும் நல்ல உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. மகனுக்கோ நாடகத்தின் மீது ஆசை. நடிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னதும் தகப்பனாருக்குக் கோபம் வந்தது. வீட்டை விட்டு வெளியே அனுப்பிவிட்டார். அப்போது குவெனுக்கு 20 வயது கூட ஆகவில்லை.

பிள்ளை கலங்கவில்லை. நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். ஆஸ்திரேலியா வரை போய் நடித்துவிட்டு வந்தார்.

1905-ம் ஆண்டு அதிர்ஷ்டம் வந்தது. புகழ் பெற்ற நாடக ஆசிரியர் பெர்னார்டு ஷாவின் நாடகத்தில், மோட்டார் ஓட்டும் டிரைவராக நடிக்கும் வாய்ப்பு கிடைத்தது. அந்த வேடம் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

பிறகு முதல் உலகப் போர் மூண்டது. குவென் பட்டாளத்தில் சேர்ந்தார். போர் முடிந்ததும் மறுபடி மேடைக்கு வந்தார். படங்களிலும் நடித்தார். சுமார் 60 வயதில் அமெரிக்கா சென்று ஹாலிவுட்டில் குடியேறினார். தகப்பன், பாதிரியார், வியாபாரி என்று பல வேடங்கள். படம் பார்ப்பவர்களுக்கு முகம் தெரியும். பெயர்தான் தெரியாது!

நிஜ ஊர்வலம்

நியூயார்க் நகரில் மேசி என்ற பெரிய கடை உண்டு. ஒவ்வொரு நவம்பர் மாதமும் அந்தக் கடை ஓர் ஊர்வலம் நடத்தும். கடைசி வண்டியில் கிறிஸ்துமஸ் தாத்தா வருவார்.

1946-ம் ஆண்டு நடந்த ஊர்வலத்தில் அந்தத் தாத்தாவாக வந்தவர் குவெனேதான். கடுங்குளிர். தெருவின் இருபுறமும் ஜனக்கூட்டம். அந்த நிஜ ஊர்வலத்தையே படம் பிடித்தார் டைரக்டர் ஜார்ஜ் சீட்டன்.

படத்தில் தாயாக நடித்தவர் மோரீன் ஒஹாரா. மகளாக நடித்த நாடலி வுட்டுக்கு அப்போது வயது 8. குவென் நிஜமான கிறிஸ்துமஸ் தாத்தா என்றே அந்தச் சிறுமி நம்பிக்கொண்டிருந்தாளாம்!

தாத்தா பைத்தியமா?

கதை இதுதான். மேசி கடையில் ஒரு கிழவர் தாத்தா வேலைக்கு அமர்கிறார். கடையில் இல்லாத பொம்மையைக் குழந்தை கேட்டால், அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று தாய்க்குச் சொல்லி அனுப்புகிறார். போட்டிக் கடையான கிம்பெல்சுக்கும் அனுப்புகிறார்! கடைக்கு நஷ்டம் வரும் என்று அதிகாரிகள் நடுங்குகிறார்கள். நடந்ததோ வேறு. இப்படி ஒரு நேர்மையான கடையா என்று தாய்மார்கள் மேசியைப் புகழ்கிறார்கள். வியாபாரம் பெருகுகிறது.

ஒரு காட்சி மனதை உருக்கும். ஹாலந்து நாட்டு அநாதைச் சிறுமி ஒருத்தியை ஓர் அமெரிக்கப் பெண் தத்து எடுத்து வளர்க்கிறாள். சிறுமிக்கு ஆங்கிலம் தெரியாது. கிழவர் அவளிடம் டச்சு மொழியில் பேசுகிறார், சேர்ந்து பாடுகிறார். அவள் முகம் மலர்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து 2 வருஷம் கூட ஆகாத நேரம் அது. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

இந்தக் கிழவருக்கு ஒரு வினோதம். தாம்தான் உண்மையான கிறிஸ்துமஸ் தாத்தா என்கிறார்! இதனால் வம்பு வருகிறது. பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கோர்ட்டில் விசாரணை நடக்கிறது.

தாத்தா உண்டா, இல்லையா? இல்லை என்று தீர்ப்புச் சொன்னால் ஊரே நீதிபதியை வெறுக்கும். உண்டு என்று சொல்லவோ அத்தாட்சி இல்லை.

கடைசியில் காப்பாற்றுவது தபால் இலாகா! கிறிஸ்துமஸ் தாத்தா என்று விலாசம் எழுதிக் குழந்தைகள் போட்ட கடிதங்கள் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடக்கின்றன. தபால்காரர்கள் அவற்றைக் கோர்ட்டுக்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள். தபால் இலாகா அமெரிக்க சர்க்காரின் இலாகா. அதுவே இவரைத் தாத்தா என்று ஒப்புக்கொண்டபோது, மறுக்க நான் யார் என்று நீதிபதி கிழவரை விடுதலை செய்கிறார்.

70 வயதில் ஆஸ்கார்

கிறிஸ்துமஸ் படமாக இருந்தும், கோடைக் காலத்தை ஒட்டியே இதை வெளியிட்டார்கள். அப்போதுதான் ஜனங்கள் அதிகமாகச் சினிமாவுக்குப் போவார்கள் என்பது படக் கம்பெனியின் கணக்கு. படம் வெற்றி பெற்றது. 3 ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. கதைக்கு ஒன்று, திரைக்கதைக்கு ஒன்று, சிறந்த துணை நடிகர் என்று குவெனுக்கு ஒன்று.

1948-ம் ஆண்டு மார்ச் மாதம் அந்தப் பரிசை அவர் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 70.

பிறகு 1950-ல் கள்ள நோட்டு அடிக்கும் அப்பாவிக் கிழவராக நடித்தார். 1954-ல் ராட்சத எறும்புகளை எதிர்க்கும் விஞ்ஞானியாக நடித்தார். அந்த வயதில் மூட்டு வலி அவரை வாட்டியது. வலியை முகத்தில் காட்டாமல் நடித்தார். 1959-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி, கலிபோர்னியாவில் சினிமாக் கலைஞர்களுக்கான இல்லத்தில் காலமானார். வயது 81.

அழியாத படம்

இதே கதையை 1994-ல் மறுபடியும் எடுத்தார்கள். 'காந்தி' படத்தை டைரக்ட் செய்த ரிச்சர்டு அட்டன்பரோ அதில் தாத்தாவாக நடித்தார். ஆனாலும் பழைய படத்தின் மவுசு குறையவில்லை. பாதுகாக்க வேண்டிய படம் என்று 2005-ல் அமெரிக்க தேசியப் படப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. கிம்பெல்ஸ் கடை 1987-ல் மூடப்பட்டது. இன்று அந்தப் பெயரைப் பல குழந்தைகள் தெரிந்துகொள்வது இந்தப் படத்தைப் பார்த்துத்தான்!

இத்தனை காலம் ஆகியும் இந்தப் படம் ஏன் சலிக்கவில்லை? நல்லவனாக வாழ்பவனை உலகம் பைத்தியக்காரன் என்கிறது. அவன் பக்கம் நிற்க யாராவது வருவார்களா என்பதுதான் படத்தின் கேள்வி. அந்தக் கேள்வி எந்த ஊருக்கும் பொருந்தும். எந்தக் காலத்துக்கும் பொருந்தும்.

நடிகன் என்பதற்காக ஒரு வீட்டின் கதவு குவெனுக்கு மூடப்பட்டது. அதே நடிப்பு அவரை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் அழைத்துச் சென்றது. வருஷம் தவறாமல் இன்றும் அழைத்துச் செல்கிறது.