மக்கள் பாவலர் அண்ணாபாவ் சாத்தே

மராட்டிய மண்ணில், இன்றைய சாங்லி மாவட்டத்து வாட்டேகாவ் என்னும் சிற்றூரில், 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் பிறந்தவர் துக்காராம் பாவ்ராவ் சாத்தே. அண்ணாபாவ் என்பது மக்கள் வழங்கிய அன்புப் பெயர். தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட மாங் குலத்தில் அவர் தோன்றினார். அக்குலத்தாரைப் பிறவிக் குற்றவாளிகள் எனப் பதிந்து, காவலர்முன் வருகை சொல்லச் செய்தது வெள்ளையர் ஆட்சி. பள்ளியில் அவர் பயின்றது இரண்டு நாள்கூட இல்லை. சாதிக் கொடுமை அவரை வெளியேற்றிற்று.

வறுமை துரத்த, சிறுவனான அவர் குடும்பத்தாருடன் பம்பாய்க்கு நடந்தே சென்றார். கரி சுமந்தார், பஞ்சாலையில் உழைத்தார். கடைப் பலகைகளையும் திரைப்பட விளம்பரங்களையும் பார்த்துப் பார்த்தே எழுத்தறிந்தார் என்பர். பள்ளி இன்றியே இவர் பாவலராகவில்லையா, நமக்கெதற்குப் பள்ளி என வினவுவோர் நம்மிடையேயும் உளர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. அவர் ஒருவர் சுவரொட்டியில் எழுத்துக் கற்றுத் தப்பினார். அவரோடு கரி சுமந்த எத்தனை பேருடைய பாட்டு ஏடேறாமலே மாய்ந்ததோ!

தமாஷா என்பது நம் தெருக்கூத்தை ஒத்த மராட்டியக் கலை. ஒடுக்கப்பட்டோரே அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். மேலோர் இரவில் கண்டு களித்துப் பகலில் இழித்தனர். உறவினரின் குழுவில் அதனைக் கற்ற அண்ணாபாவ், 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் செங்கொடிக் கலைக்குழுவை நிறுவித் தொழிலாளர் நடுவே பாடினார். கணபதி வணக்கத்தோடு கூத்தைத் தொடங்குவது மரபு. அவரோ தாய்மண்ணை வணங்கித் தொடங்கினார். இதனைச் சிறு மாற்றமென எண்ணற்க. பம்பாய் அரசின் தடையும் அக்குழுவைத் தேடி வந்தது. மனைவியை ஊரில் விட்டுப் பிழைக்க வந்த தொழிலாளியின் ஏக்கமாக அவர் யாத்த மைனா லாவணி, ஒன்றுபட்ட மராட்டிய மாநிலம் கோரிய போராட்டத்தின் குரலாயிற்று. 1960 மே முதல் நாள் அம்மாநிலம் மலர்ந்தது.

1958இல் பம்பாயில் கூடிய தலித் இலக்கிய மாநாட்டில், உலகம் ஆதிசேடன் தலைமேல் அன்று, உழைப்போர் கைகளின்மேலேயே நிற்கிறது என்னும் கருத்தை முழங்கினார். 1959இல் வெளிவந்த ஃபகீரா புதினத்தை அண்ணல் அம்பேத்கரின் எழுதுகோலுக்குப் படைத்தார். அதில் வரும் வீரன் அவருடைய குலத்தவனே. 1961இல் மாநிலப் பரிசு அதற்குக் கிட்டியது. அவ்வாண்டே சோவியத் நாட்டையும் கண்டு வந்தார்.

எனினும் வறுமை அகலவில்லை. 1969 ஜூலை 18இல், 48 வயதிலேயே மறைந்தார். 2002இல் அவருக்கு அஞ்சல்தலை வந்தது. 2022இல் மாஸ்கோ நூலகம் ஒன்றில் சிலை எழுந்தது. டஃப் கொட்டிப் பாடும் மராட்டியப் பாணர்களோ எதற்கும் காத்திருக்கவில்லை. மைனாவை அவர்கள் பாடிக்கொண்டே இருந்தனர்.