விளையாட்டின் மொழியறிந்த வைத்தியர்: மார்கிரட் லோவன்பெல்ட் (1890 – 1973)



சிறு பிள்ளையொன்று மணலைக் குவித்து வீடு கட்டி, சிரட்டையில் சோறு சமைத்து விளையாடுவதை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். நீங்களும் அவ்வாறு விளையாடியிருப்பீர்கள். அதனை வெறும் பொழுதுபோக்கு என்றே பெரியோர் பலர் கருதுவர். ஆனால் விளையாட்டும் ஒரு மொழியே எனக் கண்டு, வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளைகளின் மனத்துயரை அதன் மூலம் அறிந்து உதவிய வைத்தியர் ஒருவர் இருந்தார். அவரே மார்கிரட் லோவன்பெல்ட். அவரது வாழ்க்கையை இப்பகுதியில் நோக்குவோம்.

இளமைக் காலம்

மார்கிரட் 1890 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தை ஹென்றி போலந்திலிருந்து வந்து குடியேறிய வர்த்தகர். இலண்டனில் 1901 இல் திறக்கப்பட்ட அப்பலோ நாடக அரங்கு இவருக்காகவே கட்டப்பட்டது. தாய் அலிஸ் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்தவர். மூத்த சகோதரி ஹெலெனாவும் பிற்காலத்தில் வைத்தியராகிக் குடும்பத் திட்டமிடல் துறையில் புகழ்பெற்றார்.

வீட்டில் செல்வம் இருந்தது. ஆனால் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. மார்கிரட் அடிக்கடி நோயுறும் பிள்ளை. அவரது சிறுவயதிலேயே பெற்றோர் மணமுறிவு பெற்றனர். பிள்ளையின் துயரம் எத்தகையது என்பதை அவர் நூல்களில் படிப்பதற்கு முன்னரே வாழ்வில் அறிந்திருந்தார் எனலாம்.

போலந்தில் பெற்ற அனுபவம்

இலண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1918 இல் வைத்தியரானார். முதலாம் உலகப் போர் முடிந்த பின்னரும் போலந்தில் அமைதி ஏற்படவில்லை. 1919 முதல் 1921 வரை அந்நாட்டுக்கும் சோவியத் படைகளுக்கும் இடையே போர் நடைபெற்றது. தைபஸ் காய்ச்சலும் பசியும் மக்களை வாட்டின. மார்கிரட் அங்கு சென்று நோயாளர், போர்க் கைதிகள், மாணவர் ஆகியோருக்கு உதவும் பணியில் ஈடுபட்டார்.

அங்கே ஒரு வினா அவர் மனத்தில் எழுந்தது. ஒரே துன்பத்தை அனுபவித்த பிள்ளைகளுள் சிலர் மனமொடிந்து போக, வேறு சிலர் உற்சாகத்துடன் மீண்டெழுந்தது எவ்வாறு? நாடு திரும்பிய பின் மற்றொன்றையும் கவனித்தார். சிறை முகாம்களில் தாம் கண்ட மனிதரின் முகபாவமும் உடலசைவும், மகிழ்ச்சியற்ற பிள்ளைகளிடத்தும் காணப்பட்டன. சொற்களால் கூற முடியாததை உடல் கூறுகின்றது என்பதை அவர் உணர்ந்தார்.

அதிசயப் பெட்டி

1928 இல் இலண்டனின் வடக்கு கென்சிங்டன் பகுதியில், பயந்த சுபாவமுள்ள பிள்ளைகளுக்கும் அடங்காதவர்கள் எனப்பட்ட பிள்ளைகளுக்குமென ஒரு சிகிச்சை நிலையத்தை ஆரம்பித்தார். இத்தகைய பிள்ளைகளைக் கண்டித்துத் திருத்தவேண்டும் என்பதே அக்காலத்தில் பலரது எண்ணமாக இருந்தது. மார்கிரட்டோ அவர்களுக்கு விளையாட இடமளித்தார். பிள்ளையின் உடல்நிலை பரிசோதிக்கப்பட்டது; பெற்றோரிடமும் விபரங்கள் கேட்டறியப்பட்டன.

எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், தம் பிள்ளைகளுடன் தரையில் சிறு பொம்மைகளை அடுக்கி விளையாடியதைப் பற்றி 1911 இல் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அந்நூல் மார்கிரட்டின் நினைவில் நிலைத்திருந்தது. எனவே அவர் சிறு மனித உருவங்கள், விலங்குகள், வீடுகள், வேலிகள் முதலியவற்றைச் சேர்த்து வைத்தார். பிள்ளைகள் அதனை அதிசயப் பெட்டி என அழைத்தனர். அறையில் மணல் நிரப்பிய துத்தநாகத் தட்டும் இருந்தது. 1929 இல் பிள்ளைகள் தாமாகவே பொம்மைகளை மணலில் வைத்து மலையும் ஆறும் ஊரும் அமைத்தனர். அதற்கு உலகம் என்று பெயருமிட்டனர். உலக நுட்பம் என இன்று வழங்கப்படும் முறை இவ்வாறே தோன்றியது. அதனைக் கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகளே என்பதை மார்கிரட் மறைக்கவில்லை.

அவரது முறையின் சிறப்பு

அக்காலத்தில் மெலனி கிளைன் என்பவரும் விளையாட்டைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். அவர் பிள்ளையின் விளையாட்டுக்கு உளப்பகுப்பாய்வுக் கொள்கையின்படி பொருள் கூறினார். மார்கிரட் இதனை ஏற்கவில்லை. பெரியவர் தம் கருத்தைத் திணிக்காது காத்திருத்தல் வேண்டும். மணலில் வைத்த முதலைக்கு என்ன பொருள் என்பதை அதை வைத்த பிள்ளையே காட்டவேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. பிள்ளை அமைத்த உலகம் ஒவ்வொரு முறையும் படமாக வரைந்து பாதுகாக்கப்பட்டது. அப்படங்களை வரிசையாக நோக்கும்போது பிள்ளையின் மனமாற்றம் தெளிவாயிற்று.

1935 இல் பிள்ளைப் பருவ விளையாட்டுப் பற்றிய நூலை வெளியிட்டார். அவரது நிலையம் சிறுவர் உளவியல் நிறுவனமாக வளர்ந்து, சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சியும் அளித்தது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த டோரா கல்ப் 1956 இல் அவரிடம் கற்று, மணல் விளையாட்டுச் சிகிச்சை என்னும் முறையை உருவாக்கினார். மார்கிரட் 1973 பெப்ரவரி 2 இல் காலமானார். உலக நுட்பம் பற்றிய அவரது நூல் 1979 இலேயே வெளிவந்தது.

மாணவர்களே, குழப்படிக்காரன் என்றோ பேசாமடந்தை என்றோ ஒரு பிள்ளைக்குப் பெயர் சூட்டுவது எளிது. அப்பிள்ளை எதைச் சொல்ல முயல்கின்றது எனப் பொறுமையுடன் கவனிப்பது கடினம். அக்கடினமான பணியையே மார்கிரட் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள சிறுபிள்ளை விளையாடும்போது, குறுக்கிடாமல் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். இப்பாடத்தின் பயன் அங்கே விளங்கும்.

நினைவிற் கொள்க

1918 – வைத்தியராதல்
1928 – சிகிச்சை நிலையம் ஆரம்பித்தல்
1929 – உலக நுட்பம் தோன்றுதல்
1935 – விளையாட்டுப் பற்றிய நூல் வெளிவருதல்

பயிற்சி வினாக்கள்

1. போலந்து அனுபவம் மார்கிரட்டின் மனத்தில் எழுப்பிய வினா யாது?
2. உலக நுட்பம் தோன்றிய விதத்தைச் சுருக்கமாக விளக்குக.
3. மெலனி கிளைனின் முறைக்கும் மார்கிரட்டின் முறைக்கும் இடையிலான வேறுபாட்டைத் தருக.