மேடையில் முருகன், மேடைக்குப் பின்னால் நாவிதர்: விசுவநாததாஸின் வாழ்வு

மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விசுவநாததாஸை விடுதலைப் போராட்டத் தியாகி என்றே நமக்கு அறிமுகப்படுத்துகிறார்கள். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. ஆங்கில அரசு அவரைப் பாடல்களுக்காகத் தண்டித்தது. நாடக உலகமோ பிறப்புக்காகத் தண்டித்தது.

1886-இல் சிவகாசியில், மருத்துவர் என்றும் நாவிதர் என்றும் வழங்கப்படும் சமூகத்தில் அவர் பிறந்தார். அவர் வளர்ந்த காலத்தில் மதுரை ஸ்பெஷல் நாடகத்தின் தலைநகராக விளங்கியது. அந்த முறையில் நிலையான குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் எனத் தனித்தனியாக ஒப்பந்தமாகி, நாடகத்தன்று மேடையில் ஒன்று கூடுவார்கள். தாஸின் சுதந்திரமும் காயமும் இந்த ஏற்பாட்டிலிருந்தே பிறந்தன.

கம்பெனி முதலாளி இல்லாததால் அவர் வாயை அடைக்கவும் ஆளில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் கட்டம் வரும். அங்கே வெள்ளைக் கொக்கு வெள்ளையராட்சிக்கு உருவகமானது. நாடகங்களைத் தடைசெய்ய அரசின் கையில் 1876-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. தாஸ் பலமுறை கைதாகிச் சிறை சென்றார். வெளியே வந்ததும் மீண்டும் பாடினார்.

ஆனால் தனித்தனியாக ஒப்பந்தமாகும் கலைஞர்கள் தனித்தனியாக மறுக்கவும் முடிந்தது. அவருக்கு இணையாக வள்ளி வேடமேற்க நடிகையர் சிலர் மறுத்தனர்; பக்கவாத்தியக்காரர் சிலரும் உடன்பட மறுத்தனர். பொறுப்பேற்க நிறுவனமில்லை, ஆகவே சாதி வெறுப்பு தனிமனித விருப்பமாக வேடமிட்டுக்கொண்டது. தெய்வமே வேடர்குடிப் பெண்ணைத் தேடி வந்து மணக்கும் கதையை நடித்தவர்களிடையேதான் இது நடந்தது.

1939 சூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தனர். அடுத்த ஆண்டு டிசம்பர் 31 அன்று, சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே தாஸின் உயிர் பிரிந்தது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தீண்டாமையை எவ்வடிவிலும் ஒழிப்பதாக அறிவித்தது. அச்சொல்லை எந்தச் சாதிப் பட்டியலோடும் அது கட்டிவைக்கவில்லை. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டுமே உரியது. தாஸின் சமூகம் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அதே வேளையில், ஊர்க் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தலித் மக்களுக்கு முடிதிருத்த மறுக்கும் கருவியாக நாவிதரே ஆக்கப்பட்டார் என்பதையும் நாம் மறக்கவியலாது. அம்பேத்கர் சுட்டிய படிநிலைச் சமமின்மை இதுவே. இழிவைச் சுமப்பவர் கையாலேயே தனக்குக் கீழுள்ளவரை அது விலக்கச் செய்கிறது.

ஆகவே தாஸைத் தேசியத் தியாகி என்று மட்டும் வணங்குவதும், ஒரு சாதியின் பெருமிதமாகச் சுருக்குவதும் அவர் பட்ட காயத்தை மறைத்துவிடும். வாடகைக்கு வீடு மறுப்பவரும், விடுதி அறையைப் பகிர மறுப்பவரும் இன்றும் தனிப்பட்ட விருப்பம் என்ற சொல்லையே கேடயமாகப் பிடிக்கின்றனர். அந்தக் கேடயத்தைச் சட்டத்தின் முன்னும் கல்லூரி வளாகங்களிலும் கேள்விக்குள்ளாக்குவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.